மிஸி ஏன் மறுபடியும் மறுபடியும் பெயர் கேட்கிறார்?

பாட்டியை ஜாசின் மருத்துவமனையில் சேர்த்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். காலையில் பெயர் கேட்ட அதே மிஸி மதியம் ஊசி போடும்போதும் கேட்கிறார். ரத்தம் எடுக்க வந்தவரும் கேட்கிறார். "கையிலதான் பட்டை கட்டியிருக்கே, அதைப் பார்க்கக் கூடாதா?" என்று பாட்டிக்குக் கோபம்.

மிஸி மறந்துவிட்டுக் கேட்கவில்லை. மருந்து, ரத்தம், பரிசோதனை எதுவானாலும் அதற்கு முன் குறைந்தது இரண்டு அடையாளங்களைச் சரிபார்க்க வேண்டும்: முழுப் பெயர், கூடவே ஐசி எண் அல்லது மருத்துவமனைப் பதிவு எண். கட்டில் எண் செல்லாது, ஏனென்றால் நோயாளி கட்டில் மாறிவிடுவார். "நீங்க லெட்சுமியா?" என்றும் கேட்கக் கூடாது. காது மந்தமானவர் எந்தப் பெயருக்கும் தலையாட்டிவிடுவார். அதனால்தான் "உங்க பேரு என்ன?"

நம்மவர்களுக்கு இதில் கூடுதல் சிக்கல் உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஒரே வார்டில் இரண்டு லெட்சுமி படுத்திருக்கலாம். புக்கிட் ஆசகானிலோ கெமெண்டோரிலோ எல்லாரும் 'பாப்பா' என்று கூப்பிடும் பாட்டிக்கு ஐசியில் வேறு பெயர் இருக்கும்.

தோட்டத்து டிரெசர் காலத்தில் இந்தத் தொல்லையே இல்லை. அவருக்கு லயத்தில் இருக்கும் ஒவ்வொருவரையும் தெரியும். இன்றைய வார்டில் மூன்று ஷிப்ட். டாக்டர், தாதி, மருந்தாளர், ஆய்வகம் எனப் பல கைகள். தப்பு பெரும்பாலும் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறும் இடத்தில்தான் நுழைகிறது. உலகளவில் சிகிச்சை பெறும் பத்துப் பேரில் ஒருவருக்கு அந்தச் சிகிச்சையின்போதே ஏதாவது பாதிப்பு நேர்கிறது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அவற்றில் பாதி தவிர்க்கக்கூடியவை.

மலேசியாவில் நோயாளி பாதுகாப்பு மன்றம் 2003-இல் அமைந்தது. 2013-இல் 13 இலக்குகள் வந்தன. 2021-இல் அவை 7 ஆகச் சுருக்கப்பட்டன. சரியான நோயாளியை அடையாளம் காண்பது, மருந்து, ரத்தம் ஏற்றுதல், அறுவை சிகிச்சை, தொற்றுத் தடுப்பு, கீழே விழாமல் காப்பது, நடந்த தவற்றைப் பதிவு செய்து பாடம் கற்பது.

கடைசியாகச் சொன்னதுதான் கஷ்டமானது. தவறான மாத்திரையைக் கொடுக்கப் போய்க் கடைசி நொடியில் நிறுத்திய இளம் தாதி, அதை வாய்விட்டுச் சொல்வாரா? அது வார்டு சிஸ்டரைப் பொறுத்தது. "யார் செஞ்சது?" என்று கேட்டால் அடுத்த முறை எல்லாரும் வாயை மூடிக்கொள்வார்கள். "எப்படி நடந்துச்சு?" என்று கேட்டால், ஒரே மாதிரிப் பெட்டியில் இருக்கும் இரண்டு மருந்துகளைப் பக்கத்துப் பக்கத்தில் அடுக்கியிருந்தது தெரியவரும். தாதியர் தலைமைத்துவம் என்று பெரிதாகப் பேசுவதெல்லாம் நடைமுறையில் இந்தக் கேள்விதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அறுவை அறையிலும் இதே கதை. கத்தி வைக்கும் முன் எல்லாரும் ஒரு நிமிடம் நின்று நோயாளி யார், எந்த இடம், என்ன ஆபரேஷன் என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். இந்தச் சரிபார்ப்புப் பட்டியலை புதுடில்லி, மணிலா உட்பட 8 நகரங்களின் மருத்துவமனைகளில் சோதித்தார்கள். 2009-இல் வந்த முடிவின்படி, மரண விகிதம் 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. பட்டியலைப் படிப்பது பெரும்பாலும் ஒரு தாதி. ஏதாவது சரியில்லை என்றால் நிபுணரையே அவர் நிறுத்தலாம்.

இதில் உங்களுக்கும் வேலை இருக்கிறது. பாட்டிக்கு மலாய் சரளமாக வராது என்றால் நீங்கள்தான் மொழிபெயர்ப்பாளர். ஆனால் பெயரை மட்டும் முந்திக்கொண்டு சொல்லாதீர்கள்; முடிந்தால் அவரே சொல்லட்டும். வீட்டில் சாப்பிடும் மாத்திரைகளை, நாட்டு மருந்து உட்பட, ஒரு பையில் போட்டு அப்படியே கொண்டு போங்கள். எந்த மருந்து ஒத்துக்காது என்பதையும் சொல்லிவிடுங்கள். பார்த்துவிட்டுக் கிளம்பும்போது கட்டிலின் பக்கக் கம்பியைத் தூக்கிவிட்டு, மணி கைக்கு எட்டுகிறதா என்று பாருங்கள். "பாவம், மிஸிக்கு ஏன் தொந்தரவு" என்று ராத்திரியில் தனியாக பாத்ரூமுக்கு எழுந்து போகிறவர்கள்தான் நம் பாட்டிகள்.