இருபது நிமிஷத் தூக்கம்

நடுக்கடல், ராத்திரி ரெண்டு மணி. பாய்மரப் படகில் நீங்க ஒருத்தர்தான். நீங்க தூங்கிட்டா, முன்னாடி என்ன வருதுன்னு யார் பார்ப்பாங்க?

கடல் மோதல்களைத் தடுக்க 1972-ல் உருவான சர்வதேச விதிகளில் ஐந்தாவது விதி இதைத்தான் பேசுது. எந்தக் கலமாக இருந்தாலும், எல்லா நேரமும், கண்ணாலும் காதாலும் கவனிச்சுக்கிட்டே இருக்கணும். தனியா போறவங்களுக்கு விலக்கு கிடையாது. அப்போ தூங்குற ஒவ்வொரு தனி மாலுமியும் விதியை மீறுறார். இது எல்லாருக்கும் தெரியும். பந்தயங்களும் நடந்துக்கிட்டுதான் இருக்கு.

ஜோஷுவா ஸ்லோகம் 1895-ல் பாஸ்டனிலிருந்து கிளம்பினார். 1898-ல் உலகைத் தனியாகச் சுற்றி முடித்த முதல் மனிதர் ஆனார். வழியில் அசோர்ஸ் தீவுகளில் கிடைத்த பிளம்ஸையும் சீஸையும் சாப்பிட்டு, வயிற்று வலியில் சுருண்டு விழுந்தார். கொலம்பஸின் பின்டா கப்பல் மாலுமி வந்து சுக்கானைப் பிடித்ததாக அவருக்குத் தோன்றியது. விடிஞ்சு பார்த்தா, படகு திசை மாறாமல் 90 மைல் வந்திருந்தது. இதை ஒரு அழகான பேய்க்கதையாச் சொல்வாங்க. எனக்கு வேற மாதிரி தோணுது: அந்த 90 மைலும் முன்னால் பார்க்க யாருமே இல்லை. குறுக்கே எதுவும் வரல, அவ்வளவுதான்.

1960-களில் காற்றின் திசையை வைத்துச் சுக்கானைத் திருப்பும் கருவி பரவியது. படகு ஓட்டக் கை வேண்டாம். பார்க்கக் கண் வேணுமே! அதனால அலாரம் வெச்சு இருபது நிமிஷம் தூங்குற பழக்கம் வந்தது. கணக்கைப் பாருங்க. எட்டு கடல் மைல் தூரத்தில் ஒரு கப்பல் கண்ணில் படுது, வேகம் 20 நாட். உங்க படகு 6 நாட். நேருக்கு நேர் வந்தால் 18 நிமிஷத்தில் மோதல். சின்ன மீன்பிடிப் படகுன்னா இன்னும் கிட்ட வந்தாத்தான் தெரியும்.

அப்புறம் ரேடார் வந்தது, ஏஐஎஸ் வந்தது. 2021 ஜனவரி, வாண்டே குளோப் பந்தயம். ஜெர்மானியர் போரிஸ் ஹெர்மனுக்கு எல்லைக்கோடு இன்னும் சுமார் 90 மைல்தான். ஜெயிக்கவே வாய்ப்பிருந்தது. எல்லாக் கருவியையும் போட்டுட்டு கொஞ்சம் கண்ணயர்ந்தார். ஒரு அலாரமும் அடிக்கல. இடிச்ச சத்தத்தில் எழுந்து பார்த்தா, பக்கத்துல ஒரு மீன்பிடிக் கப்பல்.

அவர் ஐந்தாவதாக வந்தார். பந்தயத்துக்கே சம்பந்தமில்லாம அந்தக் கப்பலில் வேலை பார்த்துக்கிட்டிருந்தவங்க யாருக்கும் காயமில்லை.