சிற்றலையும் கண்ணாடி இழையும்

வானொலி வரலாற்றை மார்க்கோனியிலிருந்து தொடங்குவதே வழக்கம். நாம் கல்கத்தாவிலிருந்து தொடங்குவோம். அங்கே பிரெசிடென்சி கல்லூரிப் பேராசிரியர் ஜகதீஷ் சந்திர போஸ், 1895 அளவில், ஐந்து மில்லிமீட்டர் வரை குறுகிய மின்காந்த அலைகளை ஆராய்ந்தார். 1897இல் இலண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனிலும் அவற்றைக் காட்டி விளக்கினார். ரயில் கால அட்டவணை நூலொன்றின் ஏடுகளுக்கிடையே வெள்ளீயத் தாள்களைச் செருகி, அலையின் அதிர்வுத் திசையை அவர் பிரித்தறிந்த செய்தி மாணவர்க்குச் சுவையானது.

ஆயினும் உலகம் நெடிய அலைகளின் பின்னேயே சென்றது. அதில் வியப்பில்லை. சிற்றலையைச் சுவரே தடுத்துவிடும். 60 கிகாஹெர்ட்ஸ் அளவில் காற்றிலுள்ள உயிர்வாயுவும் அதனை உறிஞ்சுவதால், ஒரு கிலோமீட்டருக்குள் முப்பதில் ஒரு பங்கே எஞ்சும். தகவலைச் சுமக்கும் ஆற்றல் மிகுதி. நடக்கும் வலிமையோ குறைவு. தெருவுக்குத் தெரு அலைபரப்பி நாட்டினாலன்றி அதனால் பயனில்லை.

நடக்க வழி கண்ணாடியில் கிடைத்தது. மாசு நீக்கிய கண்ணாடி இழையில் ஒளி நெடுந்தொலைவு செல்லும் என்று சார்லஸ் காவோவும் ஜார்ஜ் ஹாக்கமும் 1966இல் எழுதினர். இன்றைய இழையில் ஒரு கிலோமீட்டர் கடந்த பின்னும் ஏறத்தாழ 95 விழுக்காடு ஒளி எஞ்சுகிறது.

1990களில் ஆய்வகங்கள் இவ்விரண்டையும் இணைக்க முனைந்தன. சிற்றலையின் ஏற்ற இறக்கத்தை நடுநிலையத்தில் லேசர் ஒளியின் மீது ஏற்றி இழைவழி அனுப்புவர். கம்பத்தில் ஒளியுணர் டயோடு அதனை மீண்டும் மின்னலையாக்கும். பெருக்கி, வானலைக்கம்பி வழியே பரப்பினால் போதும். எண்களாக மாற்றாத இம்முறையே அனலாக். தமிழில் இதனை ‘ஒப்புமை’ என்பாரும் உளர். ஒளி அலையை அப்படியே ஒத்து நடப்பதால் அச்சொல் இங்கு மிகப் பொருந்துகிறது. எல்லாம் இலக்கமுறையாகிவிட்ட காலத்தில் இது பழமை எனத் தோன்றலாம். கம்பத்தை எளிமையாக்குவது இப்பழமையே என்பது நம் கருத்து.

இதற்கு விலையும் உண்டு. வழியில் சேரும் இரைச்சலைப் பின்னர் களைய இயலாது. மேலும், அலையேற்றிய ஒளியின் இரு பக்கப்பட்டைகளும் இழையில் வெவ்வேறு வேகத்தில் செல்வதால், 60 கிகாஹெர்ட்ஸ் அலை சாதாரண இழையில் ஒரு கிலோமீட்டர் அளவிலேயே தன்னைத்தான் அழித்துக்கொள்ளக்கூடும். ஆகவே ஒரு பட்டையை நீக்கினர். அல்லது அதிர்வெண்ணில் 60 கிகாஹெர்ட்ஸ் வேறுபடும் இரண்டு ஒளிகளை அனுப்பி, டயோடிலேயே அவ்வேறுபாட்டைச் சிற்றலையாக எழச் செய்தனர்.

சிலி நாட்டில், 5000 மீட்டர் உயரத்தில் இயங்கும் ஆல்மா தொலைநோக்கியின் 66 வாங்கிகளுக்கும் ஒத்திசைவு அலை இவ்வாறே, இரட்டை ஒளியாக, இழைவழி செல்கிறது.