இடுப்பிலிருந்து இறங்கிய பிள்ளை

பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் மாதக் கணக்கில் கறாரானவர்கள். 3-ஆம் மாதம் காப்பு, 5-ஆம் மாதம் செங்கீரை, 7-இல் தால், 9-இல் சப்பாணி என்று இரண்டிரண்டு மாதமாக ஏறிப்போய், ஆண்பிள்ளையாக இருந்தால் 21-ஆம் மாதத்தில் சிறுதேர் உருட்டவைத்து முடித்துவிடுவார்கள். 12-ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் இரண்டாம் குலோத்துங்கனைப் பாடிய காலத்திலிருந்து இந்தக் கணக்கு பெரிதாக மாறவில்லை. பாட்டுடைத் தலைவன் நடுவீட்டில் ஏகபோகமாக இருப்பான். பத்துப் பருவங்களில் தம்பி பிறக்கும் பருவம் என்று ஒன்று கிடையாது.

நாட்டுப்புறத்து வீடுகளில் அந்தப் பருவம் உண்டு. சப்பாணி கொட்டிக்கொண்டிருக்கும்போதோ, தளர்நடை போடும்போதோ அம்மாவுக்கு மறுபடி நாள் தள்ளிப்போகும். பால் குறையும். வயிற்றில் அடுத்தது உண்டான பிறகு கொடுக்கும் பால் மூத்ததற்கு ஆகாது என்ற எண்ணமும் சேர்ந்துகொள்ளும். ஒருநாள் மாரில் வேப்பெண்ணெயோ கற்றாழைச் சாறோ தடவிக்கொண்டு அம்மா உட்கார்வாள். பிள்ளை வாய் வைக்கும், முகம் கோணும், வீறிட்டு அழும். இரண்டு மூன்று நாளில் பால் மறந்துவிடும். அப்புறம் சில வாரங்களில் கன்னம் ஒட்டி, கை கால் சூம்பி, வயிறு மட்டும் முன்னால் தள்ளி, எதற்கெடுத்தாலும் சிணுங்கும் ஒரு பிள்ளை திண்ணையில் உட்கார்ந்திருக்கும். பார்த்த மாத்திரத்தில் கிழவிகள் சொல்லிவிடுவார்கள்: “சவலை பாய்ஞ்சிருச்சு.”

மாந்தம், கணம், தோஷம் என்று சித்த மருத்துவத்தின் பாலவாகடம் பேசும் குழந்தை நோய்களின் வரிசையில் சவலைக்கும் இடம் உண்டு. காரணத்தைக் கிழவிகளிடம் யாரும் தனியாகக் கேட்கவேண்டியதில்லை. தாய் உண்டாகிவிட்டாள் என்பதே காரணம்.

பேறுகாலத்தைச் சுற்றித் தமிழ்க் குடும்பங்கள் கட்டிவைத்திருந்த ஏற்பாடுகளை இந்தக் கோணத்தில் பார்த்தால் சில விஷயங்கள் புலப்படும். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், கருப்பட்டி, நல்லெண்ணெய் சேர்த்துக் கிண்டிய லேகியம் பெற்றவளுக்கு. பூண்டும் பால்சுறாப் புட்டும் பால் ஊறுவதற்கு. வசம்பு சுட்ட கரி, பாலாடை, வெந்நீர்க் குளியல், சாம்பிராணிப் புகை எல்லாம் பச்சைப்பிள்ளைக்கு. இவ்வளவு நீளமான பட்டியலில் மூத்ததற்கென்று தனியாக ஒரு சாமானும் இல்லை. அதற்கு இருந்தது ஒரே ஒரு ஏற்பாடுதான்: பாட்டி. தாய்வீட்டுக்குப் பேறுகாலத்துக்குப் போவதில் பாதிப் பயன் அங்கேதான். மகள் பத்தியச் சோறு சாப்பிட்டுக்கொண்டு அறைக்குள் கிடக்க, மூத்த பேரப்பிள்ளை பாட்டி இடுப்புக்கு மாறும். பருப்புச் சோறு பிசைந்து ஊட்ட ஒரு கை கிடைக்கும்.

பழைய நூல் புடவையை உத்தரத்தில் முடிந்து, விரிந்து நிற்க நடுவே ஒரு கம்பைச் செருகிய தூளியில் சின்னது தூங்கும். அதுவரை தனக்கு மட்டுமே சொந்தமாக இருந்த அதே தூளிக்குள் ஏற மூத்தது காலைத் தூக்கும், முடியாமல் புடவையைப் பிடித்துத் தொங்கும், தூளி ஒருபக்கமாகச் சாயும். அடுப்படியிலிருந்து யாராவது கத்திக்கொண்டே ஓடிவர வேண்டும். ஓடிவர ஆள் இருந்த வீடுகளில் சவலை தேறியது. பாட்டியும் களையெடுக்கப் போனால்தான் அடுப்பு எரியும் என்ற வீடுகளில் பிள்ளைக்கு எஞ்சியது நீராகாரமும் கூழும். சாதி, வர்க்கம் பற்றிப் பேசாமல் இந்தக் கதையைப் பாட்டி வைத்தியமாக மட்டும் சொல்லி முடிப்பது நேர்மையில்லை.

தமிழ்க் கிழவிகள் திண்ணையில் கண்டுகொண்ட இந்தப் பிள்ளையை மருத்துவ உலகம் சந்தித்தது ஆப்பிரிக்காவில். ஜமைக்காவில் 1893-இல் பிறந்து, ஆக்ஸ்போர்டில் படித்த சிசிலி வில்லியம்ஸ் என்ற டாக்டர், 1929-இல் பிரிட்டிஷ் காலனி மருத்துவப் பணியில் கோல்டு கோஸ்ட்டுக்கு, அதாவது இன்றைய கானாவுக்குப் போனார். அக்ரா நகரத்துக் குழந்தைகள் மருத்துவமனையில் ஒரே மாதிரியான பிள்ளைகள் வந்துகொண்டே இருந்தார்கள். 1 முதல் 4 வயது. கை கால் வீக்கம். கறுத்துத் திட்டுத்திட்டாக உரியும் தோல். செம்பட்டை பாய்ந்த முடி. தொட்டாலே எரிச்சல். பெரும்பாலானவை இறந்துபோயின. வில்லியம்ஸ் தாமே பிரேதப் பரிசோதனை செய்து, ஈரலில் கொழுப்பு படிந்திருப்பதைக் கண்டார். அந்தப் பிள்ளைகள் தின்றதெல்லாம் மக்காச்சோள மாவைப் புளிக்கவைத்துச் செய்த கஞ்சியும் களியும்தான்.

1933-இல் குழந்தை நோய்களுக்கான ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் இதைப்பற்றி எழுதினார். புரதக் குறை காரணமாக இருக்கலாம் என்பதும் அதிலேயே இருந்தது. லண்டனில் நம்பவில்லை. பெல்லாக்ரா நோயில் பெரும் நிபுணரான ஹியூ ஸ்டானஸ், இது பெல்லாக்ராவேதான் என்று அடித்துச் சொன்னார். வில்லியம்ஸ் விடவில்லை. 1935-இல் ‘லான்செட்’ இதழில் மறுபடி எழுதியபோது, அக்ராப் பக்கத்துக் கா இனப் பெண்கள் அந்த நோய்க்கு வைத்திருந்த பெயரையே தலைப்பாகப் போட்டார்: குவாஷியார்க்கர். அடுத்த குழந்தை வந்ததும் முந்தையதற்கு வரும் நோய் என்று அந்தப் பெண்களே அவருக்கு விளக்கியிருந்தார்கள். ஊர்ப் பெண்கள் சொன்ன நோய்க்காரணத்தை ஒரு காலனி டாக்டர் காதுகொடுத்துக் கேட்டு அப்படியே மருத்துவ இலக்கியத்தில் ஏற்றியது அந்தக் காலத்தில் சாதாரணமாக நடக்கிற காரியம் அல்ல.

1936-இல் வில்லியம்ஸ் மலாயாவுக்கு மாற்றப்பட்டார். அங்கே கதை தமிழர் பக்கம் ஓர் எட்டு நெருங்குகிறது. மலாயா ரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் வெட்டப் போன தமிழ்ப் பெண்கள் கைக்குழந்தையையும் அதற்கு மூத்ததையும் விடியலுக்கு முன்பே ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போக வேண்டியிருந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் இதே இடத்துக்குப் பிள்ளை மடுவம் என்று பெயர். பாட்டி இடுப்பு கடல் தாண்டி வரவில்லை. அதன் இடத்தில் ஒரு தகரக் கொட்டகையும், வரிசையாகத் தூளிகளும், இத்தனை பிள்ளைக்கு ஓர் ஆயாவும் வந்தார்கள்.

மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வில்லியம்ஸ் கண்டது வேறொரு கேடு. நர்ஸ் மாதிரி உடுத்திக்கொண்ட விற்பனைப் பெண்கள், பிள்ளை பெற்றவர்களிடம் போய் இனிப்பு சேர்த்த டின் பால்தான் சிறந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் அவர் பேசிய பேச்சுக்குத் தலைப்பு ‘பாலும் கொலையும்’. இப்படிப் பொய் சொல்லிப் பாலை விற்பதால் சாகும் பிள்ளைகளின் சாவைக் கொலையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நேரடியாகச் சொன்னார். பிறகு ஜப்பானியர் வந்தார்கள். சாங்கி முகாமில் அடைபட்ட காலத்தைப்பற்றி அவரே பின்னாளில் சொன்ன கணக்கு இது: முகாமில் பிறந்த குழந்தைகள் 20, தாய்ப்பால் குடித்தவை 20, பிழைத்தவை 20. போர் முடிந்து 1948-இல் உலக சுகாதார நிறுவனத்தின் தாய் சேய் நலப் பிரிவுக்கு முதல் தலைவர் ஆனார். 98 வயது வரை இருந்தார்.

நோய்க்குப் பெயர் கிடைத்துவிட்டது. மருந்து எது என்பதில்தான் உலகம் 20 ஆண்டுகளுக்குமேல் திசைமாறிப் போயிற்று. குவாஷியார்க்கர் என்றால் புரதக் குறை, ஆகவே ஏழை நாடுகளின் பசி என்பதே புரதப் பசி என்று ஐ.நா. அமைப்புகள் தீர்மானித்தன. மீன் மாவு, பெட்ரோலியக் கழிவில் வளர்த்த நுண்ணுயிர் மாவு என்று என்னென்னவோ ஆராய்ந்தார்கள். மைசூர் உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையமும் கடலைப் பிண்ணாக்கு மாவையும் கொண்டைக்கடலை மாவையும் கலந்து ஒரு சத்து மாவு தயாரித்தது. அதாவது பணம் முழுக்கப் பொட்டலத்துக்குள் எதைப் போடுவது என்பதில் செலவாயிற்று. வயிறு நிறைகிறதா என்று கேட்டவர்கள் சிலரே.

அந்தச் சிலரில் முக்கியமானவர் சேலத்தில் 1918-இல் பிறந்த சி. கோபாலன். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வகத்தில் சேர்ந்தார். பெரிபெரியை ஆராய ராபர்ட் மக்காரிசன் 1918-இல் சின்ன அளவில் தொடங்கிய வேலை வளர்ந்து உருவான இடம் அது. அந்த ஆய்வகம் 1958-இல் ஹைதராபாத்துக்குப் போய், பின்னாளில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆயிற்று. ஏழைத் தாய்மார்களுக்குச் சுரக்கும் பாலின் அளவை அளந்து எழுதிய கோபாலன், சவலைப் பிள்ளைகளையும் விடாமல் கவனித்தார். ஒரே கிராமம், ஒரே மாதிரிச் சோறு. ஆனால் ஒரு பிள்ளை வீங்குகிறது, இன்னொன்று எலும்பும் தோலுமாக வற்றுகிறது. வீங்கியதற்குப் புரதக் குறை, வற்றியதற்குச் சோற்றுக் குறை என்று பாடப்புத்தகம் பிரித்திருந்ததை 1968-இல் அவர் மறுத்தார். இரண்டு பிள்ளைகளின் உணவிலும் தன்மையில் வேறுபாடு இல்லை என்று காட்டினார்.

1973-இல் அவரும் குழுவினரும் வெளியிட்ட சோதனை இன்னும் எளிமையானது. கோதுமை மாவும் சர்க்கரையும் எண்ணெயும் சேர்ந்த பலகாரம்; நாளுக்கு 310 கலோரி, புரதம் வெறும் 3 கிராம். 14 மாதம் கொடுத்ததில் பிள்ளைகள் உயரத்திலும் எடையிலும் முந்தினார்கள். பழக்கமான சோறே போதுமான அளவு கிடைத்தால் புரதமும் கிடைத்துவிடுகிறது என்பதுதான் விஷயம். அடுத்த வருடமே டொனால்டு மக்லாரன் ‘லான்செட்’ இதழில் எழுதிய கட்டுரை, அதுவரை நடந்ததை மாபெரும் புரதக் குளறுபடி என்று பெயரிட்டே கிழித்தது.

நோயின் மர்மம் மட்டும் முழுதாக அவிழவில்லை. மலாவி நாட்டில் 317 இரட்டைக் குழந்தை ஜோடிகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2013-இல் வெளிவந்தது. ஒரே தாய், ஒரே வீடு, ஒரே கஞ்சி; பல ஜோடிகளில் ஒன்று வீங்க, மற்றது நன்றாக இருந்தது. குடலில் வாழும் நுண்ணுயிர்களுக்கும் இதில் பங்கு உண்டு என்பது அந்த ஆய்வு காட்டிய தடயம்.

தமிழ்நாட்டில் சவலையைப் பிடிக்க வைத்த பொறி தராசு. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவுத் திட்டத்தை எல்லோரும் அறிவார்கள். அது 2 வயதிலிருந்து தொடங்கியது. சவலை பாய்கிற வயது அதற்கு முன்பே வந்துவிடுகிறது. 1980-இல் உலக வங்கிக் கடனில் மதுரை மாவட்டத்தில் ஆரம்பித்த ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் அந்த ஓட்டையைக் குறிவைத்தது. பிள்ளைகளில் 6 மாதம் முதல் 36 மாதம் வரையிலானவர்கள் மட்டும்தான் அதன் கணக்கு. மாதம் ஒருமுறை ஊர்ப் பெண் ஊழியர் ஒருவர் தராசைத் தொங்கவிட்டு, பிள்ளையை எடைபோட்டு, அட்டையில் புள்ளி வைத்துக் கோடு இழுப்பார். கோடு ஏறாமல் படுத்துவிட்டால் அந்தப் பிள்ளைக்கு மட்டும் தினமும் ஒரு சத்துருண்டை. எடை தேறியதும் உருண்டை நின்றுவிடும். கிழவிகள் கண்ணால் பார்த்துச் சொன்னதை அட்டையில் வரைந்த கோடு சில வாரங்கள் முன்கூட்டியே சொன்னது, சண்டையையும் கிளப்பியது. அவள் பிள்ளைக்கு உண்டு, என் பிள்ளைக்கு இல்லையா என்று கேட்கிற தாயிடம், உன் பிள்ளை நன்றாக இருப்பதால்தான் இல்லை என்று விளக்குவது லேசான வேலையா?

இன்னொரு பக்கம், இரண்டு பிள்ளைகளுக்கு நடுவே இடைவெளி கூடியது. ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கர்ப்பத்துக்கும் நடுவே 24 மாதமாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இடையில் உண்டாகிவிட்டாலும், சிக்கலில்லாத கர்ப்பம் என்றால் மூத்ததற்குப் பால் கொடுப்பதை நிறுத்தவேண்டிய கட்டாயமில்லை என்பதே இன்றைய மருத்துவர்களின் பொதுவான கருத்து. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 பிள்ளை. தம்பி பிறக்கும்போது அக்கா பால்வாடியில் ரைம்ஸ் சொல்லிக்கொண்டிருக்கிறாள். சவலை என்ற பேச்சே பல வீடுகளில் நோயைக் குறிப்பதில்லை. பொறாமையில் இளைத்த பிள்ளையைக் கேலி செய்யத்தான் பயன்படுகிறது.

அங்கன்வாடியில் இப்போது கர்ப்பிணிக்கு ஒரு சத்துமாவுப் பொட்டலம், 6 மாதம் தாண்டிய பிள்ளைக்குத் தனியாக ஒன்று. கோதுமை, கேழ்வரகு, கடலை, வெல்லம் என்று ஏறக்குறைய ஒரே சரக்குதான். பதிவேட்டில் இரண்டும் தனித்தனிப் பெயரில் ஏறும். வீட்டுக்கு வந்ததும் இரண்டும் ஒரே டப்பாவில் கொட்டப்பட்டு, சாயங்காலம் கொழுக்கட்டையாகி, மாவு யாருக்கு வந்ததோ அவர்களையும் சேர்த்து வீட்டில் இருக்கிற எல்லோருக்கும் ஆளுக்கு இரண்டு என்று பங்காகிவிடுகிறது.