அம்மன் காசும் மேற்றிராணியார் நாணயமும்

சென்ற நவராத்திரியில் நம் லேக் கார்டன்ஸ் அன்பர் ஒருவர் இல்லத்துக் கொலுவில், மரப்பாச்சிகளின் காலடியில், சட்டைப் பித்தான் அளவேயான செப்புக் காசு ஒன்றைக் கண்டேன். "இது எந்த ராஜாவின் காசு, மாமா?" என்று அவ்வீட்டுச் சிறுவன் வினவினான். "ராஜாவின் காசு அன்று, அம்பாளின் காசு" என்றேன். சில்லறை எண்ணியே காலங்கழிக்கும் ரயில்வே குமாஸ்தாவாகிய எனக்கு, அவ்விடை சரிதானா என்ற ஐயம் அன்றிரவே எழுந்தது.

அது புதுக்கோட்டைச் சமஸ்தானத்து அம்மன் காசு. ஒருபுறம் திருக்கோகர்ணத்துப் பிரகதாம்பாள் வீற்றிருப்பாள். மறுபுறம் 'விஜய' என்று தெலுங்கு எழுத்தில் பொறித்திருக்கும். தமிழகத்துக் காசில் தெலுங்கா என வியக்க வேண்டா. நாயக்கர் காலந்தொட்டுத் தென்னாட்டு அரசவைகளில் அம்மொழி செல்வாக்குற்றிருந்தது. இருபது காசு கொண்டது ஓரணா. எனவே ரூபாய்க்கு 320 காசு.

1738இல் விஜயரகுநாதராயத் தொண்டைமான், திருவரங்குளக் காட்டில் மௌனியாய் உலவிய சதாசிவப் பிரம்மேந்திரரைப் பணிந்தார் என்றும், அப்பெரியார் மணலில் மந்திரம் எழுதி உபதேசித்தார் என்றும், மன்னர் அம்மணலையே அள்ளிச் சென்று அரண்மனையில் வைத்துப் பூசித்தார் என்றும் பரம்பரைச் செய்தி உண்டு. அம்மன் காசையும் அந்நிகழ்ச்சியோடு இணைத்தே கூறுவர். அம்மன்னர் வழிவந்தோர் தம்மைப் 'பிரகதாம்பாதாஸ்' என்றே அழைத்துக்கொண்டனர். நவராத்திரி நாட்களில் வந்தோர்க்கெல்லாம் அரிசியும் உடன் ஓர் அம்மன் காசும் வழங்குவது சமஸ்தான காலத்தில் அங்கு வழக்கமாயிருந்தது. முதலில் கையால் அடிக்கப்பட்ட காசு, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்து இயந்திரத்தில் அச்சாகிக் கப்பலேறி வந்தது! அம்பாளும் கடல் கடக்க நேர்ந்தது என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

இனி, பிரெஞ்சு நாட்டைக் காண்போம். சார்லமேன் சக்கரவர்த்தியின் வழியினர் வலிகுன்றியபின், நாணயம் அடிக்கும் உரிமை அங்கே பிரபுக்கள் கைக்கும் கிறிஸ்தவ மேற்றிராணியார் கைக்கும் போயிற்று. லெ பூய், காஓர், லியோன் முதலிய ஊர்களில் மேற்றிராணியாரே 'தெனியே' என்னும் வெள்ளிக் காசுகளை வெளியிட்டனர். வெள்ளியின் அடக்கத்துக்கும் காசின் மதிப்புக்கும் உள்ள வேறுபாடு, அடிப்பவருக்கு வருவாய். இவ்வருவாயின் ஆசை எத்தகையது என்பதற்கு மாகெலோன் சான்றாகும். தென்கடற்கரையில் உள்ள அவ்வூர் மேற்றிராணியாருக்கு, 1215இல் மெல்கேய் பிரபுவின் நிலத்தோடு நாணய உரிமையும் கிட்டிற்று. முஸ்லிம் நாட்டுத் துறைமுகங்களில் செல்லுபடியாக வேண்டுமென்று, அரபு எழுத்தில் முகம்மது நபியின் பெயர் பொறித்த வெள்ளிக் காசு அவர் ஆட்சியில் அடிக்கப்பட்டது! 1266இல் போப்பாண்டவர் நான்காம் கிளெமென்ட் அவரைக் கடிந்து கடிதம் எழுதினார். 1260களில் ஒன்பதாம் லூயி மன்னர், அரச நாணயம் நாடெங்கும் செல்லும், பிறர் நாணயம் அவரவர் எல்லைக்குள் மட்டுமே செல்லும் என்று ஆணையிட்டார். மேற்றிராணியார் நாணயங்கள் அதன்பின் படிப்படியாய் ஒடுங்கின.

அங்கே இறைத்தொண்டர் ஆள்பவராகிக் காசு அடித்தார். இங்கே ஆள்பவர் தம்மைத் தொண்டர் எனக் கூறிக்கொண்டு காசு அடித்தார். இரண்டும் ஆட்சியின் காசே. அம்மன் காசின் மதிப்பையும் தர்பாரே நிர்ணயித்தது. ஆதலின் என் விடை பாதிதான் சரி. ஆயினும் புதுக்கோட்டையில் அம்பாளின் உருவம் இருந்தது, செல்வர் பேழைக்குரிய பொன்னில் அன்று. கூலியாளின் முந்தானை முடிச்சுக்குரிய செம்பில். மாகெலோனை விடப் புதுக்கோட்டையை என் மனம் நாடுவது இதனால்தான். ஊர்ப்பற்று என்று அன்பர்கள் நகைத்தாலும் நகைக்கட்டும்.

1948 மார்ச் 3ஆம் நாள் சமஸ்தானம் இந்திய யூனியனோடு இணைந்தது. 1957இல் நயா பைசா வரவே, அணாக் கணக்கும் மறையத் தொடங்கிற்று. கொலுவில் நான் கண்ட காசு, அவ்வீட்டுப் பாட்டியம்மாளின் தாயார் ஒரு நவராத்திரியில் அரிசியோடு பெற்றது. பழங்காசு சேகரிக்கும் ஒருவர் விலை கேட்டபோது, பாட்டியம்மாள் விடை கூறாது அதை எடுத்துக் குங்குமச் சிமிழில் இட்டு மூடிவிட்டார். அடுத்த நவராத்திரியில் அச்சிறுவனிடம் என் விடையின் மறுபாதியைச் சொல்லக் கடமைப்பட்டுள்ளேன்.