கனமான ஸ்பாட்டிங் ஸ்கோப்புக்கு எந்த டிரைபாட்? பறவைச் சுற்றுலா நடத்தும் உழவர்களுக்கான யோசனைகள்

வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பியதும் வேடந்தாங்கலிலும் கரிக்கிலியிலும் பறவைகள் கூடு கட்டத் தொடங்கும். நவம்பர் முதல் மார்ச் வரை பார்வையாளர் வருகை இருக்கும். இந்த மாதங்களில் பண்ணைச் சுற்றுலா மூலம் கூடுதல் வருமானம் பார்க்க நினைக்கும் இளைஞர்களும் உழவர் குழுக்களும் முதலில் கேட்பது, "எந்த ஸ்கோப் வாங்கலாம்?" என்பதுதான். எந்த டிரைபாட் என்று கேட்பவர் குறைவு. பணம் வீணாவது அங்கேதான்.

60 மி.மீ. முகப்பு லென்ஸ் கொண்ட ஸ்கோப் ஏறக்குறைய 1 கிலோ எடை இருக்கும். 80 மி.மீ. என்றால் ஒன்றரை முதல் 2 கிலோ. இவை பொதுவாக 20 முதல் 60 மடங்கு வரை பெரிதாக்கிக் காட்டும். பறவையை 60 மடங்கு பெரிதாக்கும் கருவி, கையின் நடுக்கத்தையும் காற்றின் ஆட்டத்தையும் அதே 60 மடங்கு பெரிதாக்கும். மொபைல் வைக்கும் மெல்லிய ஸ்டாண்டில் இதைப் பொருத்தினால் கூழைக்கடா, ஆடும் வெள்ளைப் புள்ளியாகத்தான் தெரியும். சரியாகத் தெரியாவிட்டால் வந்தவர் இன்னும் கிட்டப் போகலாம் என்பார். ஆள் நெருங்கினால் தாய்ப்பறவை கூட்டை விட்டு எழும்பும்; முட்டையையும் குஞ்சையும் காகம் கொண்டுபோகும், இல்லாவிட்டால் வெயில் தாக்கும். கரையில் நின்றபடியே தெளிவாகக் காட்ட முடிந்தால் இந்தப் பிரச்சினையே இல்லை.

இணையக் கடைகளில் உறுதியான டிரைபாட்கள் பலவும் 'ஹண்டிங்' என்ற பெயரில் இருக்கும். வெளிநாடுகளில் வேட்டைக்குப் போவோர் அதிகம் வாங்குவதால் அந்தப் பெயர். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். கூட்டைக் கலைப்பதும் முட்டையை எடுப்பதும்கூட அதில் அடங்கும். பொருளின் பெயரைப் பார்த்துத் தயங்க வேண்டாம், பறவை பார்க்கவும் அதே டிரைபாட்தான். வேடந்தாங்கல் என்ற பெயரிலேயே வேடன் இருக்கிறான். தாங்கல் என்றால் சிற்றேரி. ஒரு காலத்தில் வேட்டை நடந்த இந்த ஏரியில் பறவைகளைச் சுடக் கூடாது என்று ஊர் மக்கள் முறையிட்டு, 1798இல் செங்கல்பட்டு கலெக்டர் லயோனல் பிளேஸிடம் உத்தரவு பெற்றார்கள். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பாய்ந்த வயலில் நெல் நன்றாக விளைந்ததை அவர்கள் கண்டிருந்தார்கள். 2022இல் வேடந்தாங்கலும் கரிக்கிலியும் ராம்சார் தலங்களாயின.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் 'தாங்கும் எடை'யை அப்படியே நம்பாதீர்கள். ஸ்கோப், மேல் தலைப்பகுதி இரண்டின் எடையையும் கூட்டி, அதைப் போல் இரண்டு மடங்காவது தாங்கும் என்று குறித்திருப்பதை எடுங்கள். 2 கிலோ ஸ்கோப்புக்கு, டிரைபாட்டே இரண்டு, மூன்று கிலோ எடை இருப்பது நல்லது. தூக்கிச் சுமக்கக் கொஞ்சம் சிரமம்தான், ஆனால் ஏரிக்கரையில் எவ்வளவு தூரம் நடக்கப் போகிறோம்?

காலின் மேல் குழாய் 28 மி.மீ. தடிமனுக்குக் குறையக் கூடாது. கால் மூன்று அடுக்காக நீள்வது, நான்கு அடுக்கைவிட உறுதி. நீட்டும்போது தடித்த அடுக்கை முதலில் நீட்டுங்கள், மெல்லியதைக் கடைசியில். நடுத்தண்டை உயர்த்தாமலேயே கண் மட்டத்துக்கு வர வேண்டும். நடுத்தண்டை மேலே ஏற்றினால் மூன்று கால் இருந்தும் ஒற்றைக்காலில் நிற்கிற கதைதான். பள்ளிக் குழந்தையும் உயரமான ஆளும் மாறி மாறிப் பார்ப்பார்கள் என்றால், கண் வைக்கும் பகுதி சாய்வாக உள்ள ஸ்கோப் வசதி. டிரைபாட்டைத் தாழ்வாக வைத்துக்கொள்ளலாம், தாழ்வாக இருந்தால் ஆட்டமும் குறையும்.

தலைப்பகுதியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். புகைப்படக்காரர்கள் பயன்படுத்தும் பந்துத் தலை, கனமான ஸ்கோப்பில் கொஞ்சம் தளர்ந்தாலும் சட்டென்று ஒரு பக்கம் சாயும். வீடியோ எடுப்போர் வைத்திருக்கும், கைப்பிடியுடன் கூடிய ஃப்ளூயிட் ஹெட் வாங்குங்கள். பறக்கும் நாரையைப் பின்தொடரவும் அதுதான் ஏற்றது. கல்யாண வீடியோ எடுப்பவர்கள் விற்கும் பழைய டிரைபாட் நல்ல நிலையில் கிடைத்தால் புதிய மலிவுச் சரக்கைவிட மேல். நில அளவையில் லெவல் கருவி வைக்கும் ஸ்டாண்ட் இன்னும் உறுதி. ஆனால் அதன் திருகு 5/8 அங்குலம். ஸ்கோப்பின் அடியில் இருப்பது 1/4 அல்லது 3/8 அங்குலம். இடையில் ஃப்ளூயிட் ஹெட்டும், அதற்கேற்ற மாற்றுத் திருகும் தேவைப்படும்.

கடையிலேயே சோதித்துவிடலாம். ஸ்கோப்பைப் பொருத்தி, தொலைவில் உள்ள பெயர்ப்பலகையின் ஓர் எழுத்தைப் பாருங்கள். ஒரு காலை விரலால் தட்டுங்கள். ஓரிரு நொடிகளில் எழுத்து அசையாமல் நின்றால் வாங்கலாம். மூன்று, நான்கு என்று எண்ணியும் ஆடினால் வேண்டாம்.

ஏரிக்கரையும் கடற்கரையும்

ஏரிக்கரைக் களிமண்ணில் ரப்பர் அடி வழுக்கும், கூர்முனை அடியைத் திருகி ஊன்றுங்கள். கோவளம், முட்டுக்காடு, மாமல்லபுரம் பக்கம் மணலில் கூர்முனை உள்ளே இறங்கிக்கொண்டே போகும். ஒவ்வொரு காலின் கீழும் ஒரு கொட்டாங்கச்சியைக் கவிழ்த்தோ, சிறு பலகையோ வைத்தால் போதும். நடுவில் உள்ள கொக்கியில் மணல் நிரப்பிய பையைத் தொங்கவிடுங்கள். பை தரையை லேசாகத் தொட வேண்டும், இல்லையென்றால் அதுவே ஊசலாடி ஸ்கோப்பையும் ஆட்டும். பகலில் கடல்காற்று வலுத்துவிட்டால் ஆளில்லாமல் ஸ்டாண்டை விட்டுப் போகாதீர்கள்.

வெயில் ஏறிய பின் தண்ணீர்ப்பரப்பின் மேல் கானல் அலையும். அப்போது படம் நெளிவது டிரைபாட்டின் குறையல்ல. காலை நேரத்தில் காட்டி முடித்துவிடுங்கள். சூரியன் இருக்கும் திசையில் ஸ்கோப்பைத் திருப்பவே கூடாது, கண்பார்வை போய்விடும்.

சொந்த நிலத்தில் எப்போதும் ஒரே இடத்தில் இருந்து காட்டுபவர்கள் டிரைபாட்டே வாங்க வேண்டியதில்லை. ஒரு கல்தூணை ஆழ நட்டு, மேலே ஃப்ளூயிட் ஹெட்டை மட்டும் பொருத்தினால் எந்த டிரைபாட்டும் அதற்கு ஈடாகாது. சரணாலயத்துக்குள் எதையும் நடவோ அமைக்கவோ கூடாது. அங்கே ஆட்களை அழைத்துப் போவதற்கு முன் வனத்துறையிடம் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள்.

கடற்கரைக்குக் கொண்டுபோன அன்று இரவே கால்களை முழுதாக நீட்டி, நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் உலர்த்தி மடக்குங்கள். உப்புக்காற்று அலுமினியத்தையும் திருகுகளையும் அரிக்கும். திருகிப் பூட்டும் கால்களுக்குள் மணல் புகுந்தால் கழற்றித்தான் எடுக்க வேண்டும். கடற்கரைப் பக்கம் அதிகம் போகிறவர்கள், நெம்பித் திறக்கும் பூட்டுள்ள கால்களையே தேர்ந்தெடுங்கள்.