ஓடும் மேகமும் ஓடாத நிலவும்: கண்ணசைவும் காட்சி நிலைப்பும் குறித்த ஒரு சிந்தனை வரலாறு

முன்னுரை

திருவண்ணாமலையில் கிரிவலம் வருவோர் ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நடக்கின்றனர். வழி நெடுகிலும் 2,668 அடி உயர மலை அவர்களுக்கு வலப்புறமாகவே நிற்கிறது. நடப்பவரின் கண்கள் ஒரு நொடிக்கு ஏறத்தாழ மூன்று முறை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குத் தாவுகின்றன. ஒவ்வொரு தாவலிலும் விழித்திரையில் விழும் மலையின் பிம்பம் இடம்பெயர்கிறது. ஆயினும் மலை தாவுவதாக எவருக்கும் தோன்றுவதில்லை. அசையும் கண்ணுக்கு உலகம் ஏன் அசையாமல் தெரிகிறது என்பது கடந்த 200 ஆண்டுகளாக உடலியலார் விடை தேடிவரும் வினாவாகும்.

இவ்வினாவிற்கு வேதாந்த நூல்கள் முன்னரே விடை கூறிவிட்டன என்று சொல்லும் வழக்கம் இன்று பெருகியுள்ளது. அக்கூற்றைச் சோதிக்கத் திருவண்ணாமலை தகுந்த இடம். 1896 செப்டம்பர் 1 அன்று இவ்வூருக்கு வந்து, 1950 ஏப்ரல் 14 அன்று மறையும்வரை இங்கேயே வாழ்ந்த இரமண மகரிஷி, காட்சியைப் பற்றிப் பேசும் வடமொழி நூல்கள் சிலவற்றைத் தமிழாக்கியுள்ளார். மலைமீது வாழ்ந்த காலத்தில் ‘திருக்கு திருசிய விவேக’த்தை உரைநடையிலும், வாழ்வின் இறுதி ஆண்டுகளில் ‘ஆத்ம போத’த்தை வெண்பாவிலும் அவர் தந்தார். இந்நூல்கள் காட்சியைக் குறித்து உண்மையில் எதைக் கேட்கின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

நிலவும் படகும்

சங்கரர் பெயரால் வழங்கும் 68 செய்யுள் கொண்ட ஆத்ம போதத்தில் ஓர் உவமை உள்ளது. மேகங்கள் ஓடும்போது நிலவே ஓடுவதுபோலத் தோன்றுகிறது. அதுபோலப் பொறிகள் தொழிற்படும்போது ஆன்மாவே தொழிற்படுவதாக அறிவிலார் கருதுகின்றனர் என்பது அதன் கருத்து. இதனோடு ஒப்பிடத்தக்க மற்றோர் உவமையைச் சங்கரரின் கீதை உரையில் காணலாம். நான்காம் அத்தியாயத்தின் 18ஆம் சுலோகத்திற்கு உரை எழுதுகையில், செல்லும் படகில் இருப்பவனுக்குக் கரையிலுள்ள மரங்கள் எதிர்த்திசையில் செல்வதாகத் தோன்றுவதை அவர் எடுத்துக்காட்டுகிறார். அங்கேயே, தொலைவில் இயங்கும் பொருள்கள் இயங்காதவைபோலத் தோன்றுவதையும் குறிக்கிறார்.

இவை கூர்ந்த கண்காணிப்பின் விளைவுகள் என்பதில் ஐயமில்லை. நிலவு ஓடும் தோற்றத்தைச் செருமானிய உளவியலாளர் கார்ல் டுங்கர் 1929இல் சோதனைக்கு உட்படுத்தினார். சூழ்ந்திருக்கும் பெரிய பரப்பு நகரும்போது அதனுள் நிற்கும் சிறு பொருளே நகர்வதாக நாம் உணர்கிறோம் என்று அவர் காட்டினார். சுற்றுப்புறத்தை நிலையானதாகக் கொள்வது காட்சியின் இயல்பு.

ஆயினும் இரண்டு உவமைகளையும் ஒன்றாகக் கட்டிவிடுதல் பிழையாகும். நிலவின் எடுத்துக்காட்டில் பார்ப்பவன் அசையவில்லை. படகில் அவன் அசைகிறான்; ஆனால் தானாக அசையவில்லை, சுமந்து செல்லப்படுகிறான். கண்ணசைவோ இரண்டினும் வேறானது. அது பார்ப்பவனின் மூளையே கட்டளையிட்டு நிகழ்த்தும் அசைவு. இம்மூன்றாம் வகைக்கு இவ்விரண்டு இடங்களிலும் எடுத்துக்காட்டு இல்லை.

வினா எழாமைக்குக் காரணம்

இது கவனக்குறைவன்று. நியாய மரபில் கண்ணின் ஒளிக்கதிர் வெளிச்சென்று பொருளைத் தொடுகிறது. 17ஆம் நூற்றாண்டில் தர்மராஜ அத்வரீந்திரர் இயற்றிய ‘வேதாந்த பரிபாஷை’, குளத்து நீர் வாய்க்கால் வழியே பாய்ந்து பாத்தியின் வடிவைப் பெறுவதுபோல, அந்தக்கரணம் கண்வழியே வெளிச்சென்று பொருளின் வடிவை அடைகிறது என்கிறது. இக்கொள்கைகளில் கண்ணுக்குள் படம் எதுவும் இல்லை. படம் இல்லையெனில் அது நழுவுவது எங்ஙனம்? பார்வை பொருளிடமே செல்வதால், பொருள் இருக்கும் இடத்திலேயே அது காணப்படுகிறது.

விழித்திரையில் தலைகீழான பிம்பம் விழுகிறது என்று யோகன்னஸ் கெப்ளர் 1604இல் நிறுவிய பின்னரே, அப்பிம்பம் கண்ணோடு நகர்ந்தும் உலகம் நகராதது ஏன் என்ற வினாவுக்கு இடம் பிறந்தது. ஐரோப்பாவிலும் அதற்கு முன்னர் இவ்வடிவில் அவ்வினா எழ வழியில்லை. ஆகவே ஒரு மரபு வினவவில்லை என்பதைக் குறையாகவோ, வினவியது என்று நாட்டுவதைப் பெருமையாகவோ கொள்ள வேண்டியதில்லை.

கட்டளையின் நகல்

19ஆம் நூற்றாண்டில் சார்லஸ் பெல், பர்க்கின்யே ஆகியோர் எளிய சோதனை ஒன்றைக் கவனப்படுத்தினர். விரலால் கண்ணிமையின் ஓரத்தை மெல்ல அழுத்தினால் உலகம் அசைகிறது. தானே கண்ணைத் திருப்பினால் அசைவதில்லை. இரண்டிலும் பிம்பம் நகரவே செய்கிறது. ஹெல்ம்ஹோல்ட்ஸ் தம் உடலியல் ஒளியியல் நூலில் இதனுடன் மற்றொன்றைச் சேர்த்தார். கண்தசை செயலிழந்த நோயாளி கண்ணைத் திருப்ப முயலும்போது, கண் அசையாதிருந்தும் உலகம் நகர்வதாக உணர்கிறார். எனவே திருப்பும் முயற்சியையே மனம் கணக்கில் கொள்கிறது என்பது அவர் முடிவு. தசையிலிருந்து திரும்பிவரும் உணர்வே காரணம் என ஷெரிங்டன் பின்னர் மறுத்தார். இவ்விவாதம் நெடுங்காலம் நீண்டது.

1950இல் இரு ஆய்வுகள் வெளிவந்தன. ஃபான் ஹோல்ஸ்ட்டும் மிட்டல்ஸ்டேட்டும் ஈயின் தலையை 180 பாகை திருப்பிப் பொருத்தினர். ரோஜர் ஸ்பெர்ரி மீனின் கண்ணைத் திருப்பி வைத்தார். இரு உயிர்களும் நிற்காமல் சுழன்றன. இயக்கக் கட்டளையின் நகல் ஒன்று காட்சிப் பகுதிக்கும் செல்கிறது, அது எதிர்பார்த்த மாற்றத்தைக் கழித்துவிடுகிறது என்று இரு தரப்பினரும் தனித்தனியே கருதினர். 1992இல் டுஹாமெல், கோல்பி, கோல்ட்பர்க் ஆகியோர் குரங்கின் பெருமூளைச் சுவர்மடலில் வியப்பான செல்களைக் கண்டனர். கண் தாவுவதற்குச் சற்று முன்பே, தாவிய பின் தம் புலத்தில் வரவிருக்கும் இடத்திற்கு அவை துலங்கத் தொடங்கின. நடுமூளையிலிருந்து தலாமஸ் வழியாக முன்மடலுக்குச் செல்லும் நகலின் பாதையைச் சோமரும் வர்ட்ஸும் 2002இல் கண்டறிந்தனர். ஆயினும் கழித்தல் கணக்கு மட்டுமே முழு விடையன்று. தாவலின்போது காட்சியைச் சிறிதளவு நகர்த்தினால் பார்ப்பவர் அதனை உணர்வதில்லை என்று பிரிட்ஜ்மனும் குழுவினரும் 1975இலேயே காட்டியிருந்தனர். தக்க சான்று இல்லாதவரை உலகம் அசையவில்லை என்றே மூளை கொள்கிறது.

கண்ணும் காணப்படுவதே

சிலரால் சங்கரருக்கும் சிலரால் பாரதீ தீர்த்தருக்கும் உரியதாகக் கூறப்படும் திருக்கு திருசிய விவேகம் இவ்விடத்தில் கருதத்தக்கது. உருவம் காணப்படுவது, கண் காண்பது. அக்கண்ணும் காணப்படுவதாகிறது, மனம் அதனைக் காண்கிறது. மனமும் சாட்சியால் காணப்படுகிறது என அந்நூல் படிப்படியாகச் செல்கிறது. குருடு, மந்தம், கூர்மை எனக் கண் அடையும் நிலைகளை மனம் அறிகிறது என்பது அது தரும் காரணம். மனம் பொருளை மட்டுமன்றிக் கண்ணின் நிலையையும் அறிகிறது என்ற இவ்வமைப்பு, ஹெல்ம்ஹோல்ட்ஸ் கூறியதற்கு நிலவு உவமையைக் காட்டிலும் நெருக்கமானது.

ஆனால் நெருக்கம் அவ்வளவே. அந்நூல் குறிக்கும் கண்ணின் நிலைகளுள் அசைவு இல்லை. மேலும், மூளை பெறும் நகல் ஒருவரின் அறிவுக்கு எட்டுவதன்று. கண்ணாடியில் தம் இரு கண்களையும் மாறிமாறிப் பார்ப்பவர் தம் கண் நகர்வதைக் காண இயலாது. அருகில் நிற்பவருக்கோ அது தெளிவாகத் தெரியும். திருக்கு திருசிய விவேகம் பேசும் மனமோ கண்ணைத் தெளிந்து அறியும் மனம். அதன் நோக்கமும் வேறு. காணப்படுவன யாவற்றையும் ஒவ்வொன்றாக நீக்கி, காணப்படாத காண்பானிடம் கொண்டு சேர்ப்பதே அதன் பணி. நிலையானது ஏன் அசைவதாகத் தோன்றுகிறது என்று வேதாந்தி கேட்கிறார். இடையறாது அசையும் பிம்பத்திலிருந்து நிலையான உலகம் எவ்வாறு பெறப்படுகிறது என்று உடலியலார் கேட்கிறார். முதல் வினாவில் விளக்கம் வேண்டுவது பிழை. இரண்டாவதில் விளக்கம் வேண்டுவது பிழையின்மை.

கார்த்திகைத் தீபத்தையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம். முழு இருளில் தனித்து நிற்கும் ஒளிப்புள்ளி, அசையாதிருந்தும் அலைவதாகத் தோன்றும். ஹம்போல்ட் 1799இல் தெனெரீஃப் மலைமீது விண்மீன்கள் ஊசலாடுவதைக் கண்டு அவை உண்மையிலேயே அசைவதாகக் கருதினார். 1887இல் ஔபர்ட் இதனைத் தன்னியக்கத் தோற்றம் என்ற பொருளில் பெயரிட்டார். சுற்றிலும் ஒப்பிட வேறெதுவும் இல்லாதபோது கட்டளையின் நகல் மட்டும் காட்சியை நிலைநிறுத்தப் போதுவதில்லை என்பதையே இத்தோற்றம் காட்டுகிறது. தெருவிளக்குகளும் 217 அடி இராஜகோபுரமும் மலையின் விளிம்பும் கண்ணுக்குத் தெரியும் இன்றைய ஊரில் நின்று நோக்குவோருக்குச் சுடரைப் பொருத்திப் பார்க்கச் சட்டகம் உண்டு. விளக்குகளற்ற தொலைச் சிற்றூர்களிலிருந்து, மலையின் உருவம் இருளில் மறைந்தபின் தீபத்தை மட்டும் கண்ட முன்னோரின் காட்சி அனுபவம் வேறாக இருந்திருத்தல் கூடும். தீபத்தைப் பாடிய நூல்களையும் தலபுராணங்களையும் இந்நோக்கில் படிக்கும் பணி தமிழாய்வாளர்க்குக் காத்திருக்கிறது.