நங்கூரம் பகர்ந்த உண்மை

கடலோடிகளின் வரலாற்றில் நிலத்தைக் கண்டவர் வேறு. அங்கு நங்கூரமிட்டு அதனை அறிந்தவர் வேறு. இவ்வேறுபாட்டைத் தெளிவுறக் காட்டுவது இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில், ஏறத்தாழ 49 பாகை தென் அகலாங்கில் அமைந்த கெர்கெலென் தீவின் வரலாறாகும்.

1772 பிப்ரவரியில் பிரெஞ்சுக் கடற்படை அலுவலர் கெர்கெலென் இத்தீவைக் கண்டார். மூடுபனியும் பெருங்காற்றும் சூழ்ந்த அக்கரையில் அவர் இறங்கினாரல்லர். துணைக்கப்பலினர் சிலரே இறங்கித் தம் மன்னர் பெயரால் உரிமை நாட்டினர். எனினும் தாயகம் மீண்டவர், வளங்கொழிக்கும் தென்னாடொன்றைக் கண்டதாக உரைத்தார். அதனை நம்பி இரண்டாம் பயணமும் மேற்கொள்ளப்பட்டது. 1774 சனவரியில் ரோஷ்கூத் என்னும் அலுவலர் வடபுற விரிகுடாவொன்றில் இறங்கி, இலத்தீனில் எழுதிய தோலேட்டைப் புட்டியிலிட்டு வைத்தார். கெர்கெலென் இம்முறையும் கரையை மிதித்தாரல்லர். நாடு திரும்பிய அவர் 1775இல் படைத்துறை நீதிமன்ற விசாரணைக்கு ஆளாகிப் பதவியிழந்து சிறைப்பட்டார்.

1776 டிசம்பர் இறுதியில் ஆங்கிலேயக் கடலோடி ஜேம்ஸ் குக், ரெசொல்யூஷன், டிஸ்கவரி என்னும் இரு கப்பல்களுடன் அதே விரிகுடாவை அடைந்தார். இத்தகைய இடங்களில் நங்கூரமிடுதல் எளிய செயலன்று. மலைச்சரிவிலிருந்து திடீரெனப் பாயும் காற்று கப்பலைப் புரட்டும்; நங்கூரத்தின் கொளுவிகளில் நீண்ட கடற்பாசி சுற்றிக்கொண்டால் அவை தரையைப் பற்றா. இன்று அங்குச் செல்லும் சிறு பாய்க்கப்பல்கள் நங்கூரத்தோடு அமையாது, கரைப்பாறைகளிலும் கயிறு பிணைப்பதுண்டு. குக் முதலில் பிளை என்பவரைப் படகில் அனுப்பி ஆழம் பார்க்கச் செய்தார். நங்கூரமிடத் தக்க அடித்தரையும், நன்னீரும், சீல்களும், பென்குயின்களும் உண்டு. மரமென ஒரு குச்சியும் இல்லை என்ற செய்தி வந்தது. அதன்பின்னரே கப்பல்கள் உள்ளே சென்று நின்றன. கிறிஸ்துமஸ் நாளையொட்டி அவ்விடம் கிறிஸ்துமஸ் துறைமுகம் எனப் பெயர் பெற்றது.

டிசம்பர் 27இல் மாலுமிகளுக்கு ஓய்வளிக்கப்பட்டது. அன்று அவர்களுள் ஒருவர் பிரெஞ்சுக்காரர் விட்டுச்சென்ற புட்டியைக் கண்டெடுத்தார். குக் அத்தோலேட்டை எறிந்துவிடவில்லை. அதன் மறுபக்கத்தில் தம் கப்பல்களின் பெயரையும் காலத்தையும் எழுதி, 1772ஆம் ஆண்டு வெள்ளி நாணயமொன்றுடன் மீண்டும் புட்டியிலிட்டுக் கற்குவியலுள் வைத்தார். பாழ்நிலத் தீவு என்னும் பெயரே அதற்குப் பொருந்துமெனக் கருதியும், முதலிற் கண்டவரின் பெருமையைப் பறிக்க அவர் விரும்பவில்லை. தீவு இன்றும் கெர்கெலென் பெயரையே தாங்கி நிற்கின்றது.

உண்மை உரைத்தலும் தீங்கின்றி முடிந்துவிடவில்லை. அந்நூற்றாண்டு முடியுமுன்பே வேட்டைக் கப்பல்கள் அங்கு வந்து சீல்களைப் பெருமளவில் கொன்றழித்தன. துறைமுக வாயிலில் நின்ற இயற்கைப் பாறை வளைவு 1908க்கும் 1913க்கும் இடையே இடிந்து, இரு தூண்களே எஞ்சின. 2019இல் இத்தீவு உலகப் பாரம்பரியக் களங்களுள் ஒன்றாயிற்று.

தாம் மிதியாத நிலத்தை ஒருவர் பொன்னாடென்றார். ஆழம் அளந்து நின்ற மற்றவர் பாழென்றார். ஆயினும் முன்னவர் ஏட்டை அழியாது, அதன் மறுபக்கத்தில் தம் சான்றைப் பதித்தார் பின்னவர். வரலாறு எழுதுவோர் கைக்கொள்ளத்தக்க நெறி அதுவேயாம்.